எமினென்ட் டொமைன்: அமெரிக்காவில் ஒரு கடைக்காரரின் இடத்தை நகராட்சி எப்படி எடுத்துக்கொள்கிறது?

அரிசோனா மாநிலத்தில் மேசா என்று ஒரு ஊர். அங்கே மெயின் ஸ்ட்ரீட்டும் கன்ட்ரி கிளப் டிரைவும் சந்திக்கிற முனையில் பெய்லி பிரேக் சர்வீஸ் என்ற கடை இருந்தது. பெயரிலேயே தொழில் இருக்கிறது: கார்களுக்கு பிரேக் பார்த்துக் கொடுப்பார்கள். அப்பா ஆரம்பித்த கடை, பிறகு மகன் கைக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் தேடி வந்துகொண்டிருந்தார்கள். முனைக் கடை என்பதால் போகிற வருகிறவர்கள் கண்ணில் தானாகவே படும்.

அதே முனை இன்னொருவர் கண்ணிலும் பட்டது. அந்த ஊரிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவர், கடையைப் பெரிதாகக் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்த வழி என்ன? நேரே போய் விலை பேசுவது. படிந்தால் வாங்குவது, படியாவிட்டால் வேறு இடம் பார்ப்பது. இங்கே நடந்தது வேறு. நகராட்சி நடுவில் வந்தது. அந்த முனையைச் சுற்றியுள்ள இடங்களைச் சேர்த்து மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றைப் போட்டது. பிரேக் கடை இடத்தைக் கட்டாயமாக எடுத்து, ஹார்டுவேர் கடைக்குக் கொடுக்க வழக்கும் போட்டது.

ஒரு கடையை எடுத்து இன்னொரு கடைக்குக் கொடுக்க அரசுக்கு ஏது அதிகாரம் என்று உங்களுக்குத் தோன்றினால், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் இதைப் போட்டு உருட்டியிருக்கின்றன. மேசா வழக்கின் முடிவைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அதிகாரத்துக்கு அங்கே எமினென்ட் டொமைன் என்று பெயர். நம்மூரில் நில ஆர்ஜிதம் என்கிறோமே, அதன் அமெரிக்க உறவினர். உரிமையாளர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். ரோடு, ரயில், அணை, பள்ளிக்கூடம் இவற்றுக்கெல்லாம் நிலம் வேண்டும். வழியில் இருக்கிற ஒரே ஒருவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் ரோடு வளைந்து வளைந்து போக முடியாது. ஆகவே இப்படி ஒரு அதிகாரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் அங்கேயும் குறைவுதான். சண்டையெல்லாம் அதன் எல்லையைப் பற்றியது.

எல்லையை வகுப்பது 1791-இல் வந்த ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தம். அதன் கடைசி வரி சொல்வது இரண்டே விஷயம். தனியார் சொத்தை எடுத்தால் அது பொதுப் பயன்பாட்டுக்காக இருக்க வேண்டும். நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும். முதலில் இது மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மாநிலங்களையும் நகராட்சிகளையும் இழப்பீட்டு விதி கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1897-இல், ஒரு ரயில் கம்பெனிக்கும் சிகாகோ நகரத்துக்கும் நடந்த வழக்கில். தண்டவாளத்தின் குறுக்கே தெருவை நீட்ட நகரம் இடம் எடுத்தது. ஜூரி கொடுத்த இழப்பீடு ஒரு டாலர். கம்பெனி மேலே மேலே போய், மாநிலங்களும் நியாயமான இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்ற பெரிய கொள்கையை நாட்டுக்கே வாங்கிக் கொடுத்தது. அதன் கையில் கிடைத்தது என்னவோ அதே ஒரு டாலர்தான். அதுவே நியாயம் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது.

சரி, இரண்டு நிபந்தனை. கடைக்காரர்களின் கதை முழுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தான். பொதுப் பயன்பாடு என்றால் என்ன? நியாயமான இழப்பீடு என்றால் எதற்கு இழப்பீடு? முதல் கேள்விதான் பத்திரிகைகளில் அதிகம் வரும். கடைக்காரரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இரண்டாவது. சட்டத்தின் கண்ணுக்கு நிலம் தெரிகிறது, கட்டடம் தெரிகிறது. அதற்குள் நடக்கிற வியாபாரம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்க நகரங்களின் நடுப்பகுதிகள் பாழாகிக் கிடந்தன. 1949-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம், சேரிகளை இடித்து நிலத்தைச் சீர்செய்ய நகரங்களுக்கு மத்திய அரசுப் பணம் கொடுத்தது. தலைநகர் வாஷிங்டனில் தென்மேற்குப் பகுதி இடிப்புக்குத் தேர்வானது. அந்தத் திட்டப் பகுதியின் நிலைமையை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கணக்குப் போட்டுச் சொல்கிறது: 5,012 பேர் வசித்தார்கள், அவர்களில் 97.5 சதவீதம் கறுப்பின மக்கள். 57.8 சதவீத வீடுகளுக்குக் கழிப்பறை வெளியே. 29.3 சதவீத வீடுகளில் மின்சாரம் இல்லை.

அந்தப் பகுதியில் நான்காம் தெருவில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்தது. அது சேரி வீடில்லை, இடிந்து விழும் நிலையிலும் இல்லை. ஆனால் திட்ட வரைபடத்துக்குள் இருந்தது. உரிமையாளர் தரப்பின் வாதம் ரொம்ப எளிமையானது: என் கடையில் ஒரு குறையும் இல்லை, இதை எடுத்து வேறொரு தனியாரிடம் கொடுத்து ஊரை அழகுபடுத்துவது எப்படிப் பொதுப் பயன்பாடு ஆகும்? 1954-இல் பெர்மன் எதிர் பார்க்கர் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். ஊர் சுகாதாரமாக மட்டுமல்ல, அழகாகவும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகள் முடிவெடுத்தால் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம் என்பது சாரம். கட்டடம் கட்டடமாகப் பார்க்க வேண்டியதில்லை, பகுதியை மொத்தமாகப் பார்க்கலாம். எடுத்த நிலத்தை தனியாரிடம் கொடுத்தும் வேலையை நடத்தலாம்.

இந்தத் தீர்ப்பில்தான் வார்த்தை நைசாக மாறியது. பொதுப் பயன்பாடு என்பது பொது நோக்கம் ஆனது. ரோட்டை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அது பயன்பாடு. ஒரு தனியார் கட்டடத்தால் ஊருக்கு நன்மை வரும் என்று நம்புவது நோக்கம். இரண்டுக்கும் இடையே ஒரு லாரி போகிற அளவு இடைவெளி இருக்கிறது; பிறகு எத்தனையோ திட்டங்கள் அதற்குள்ளாகத்தான் போயின. தென்மேற்கு வாஷிங்டனில் இருந்து மட்டும் சுமார் 23,000 பேரும் சுமார் 1,500 கடைகளும் கிளம்ப வேண்டியதாயிற்று.

அடுத்த அடி டெட்ராய்ட்டில். 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலைக்காக போல்டவுன் என்ற பகுதியை நகரம் எடுத்தது. போலந்து நாட்டவர் குடியேறி வளர்ந்த பகுதி, பெயரும் அப்படி வந்ததுதான். சுமார் 4,200 பேர், 1,300 வீடுகள், 140 கடைகளும் தொழில்களும், ஆறு தேவாலயங்கள், ஒரு மருத்துவமனை. வேலைவாய்ப்பு வரும் என்பதே பொது நோக்கம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 23 வருடம் கழித்து, 2004-இல், அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட்டது. அதற்குள் அந்த 140 கடைகள் நின்ற இடத்தில் ஆலை ஓடத் தொடங்கி 19 வருடம் ஆகியிருந்தது.

அப்புறம் எல்லோரும் கேள்விப்பட்ட வழக்கு: கீலோ எதிர் நியூ லண்டன், 2005. கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு துறைமுக ஊர், தொழில் படுத்துப்போன ஊர். பக்கத்தில் ஃபைசர் மருந்துக் கம்பெனி பெரிய ஆராய்ச்சி மையம் கட்டியது. அதை ஒட்டிய ஃபோர்ட் டிரம்புல் பகுதியில் ஹோட்டல், அலுவலகங்கள், வீடுகள் என்று சுமார் 90 ஏக்கர் திட்டம். ஒன்பது உரிமையாளர்கள் 15 சொத்துகளை விட மறுத்தார்கள். அந்த இடங்கள் பாழடைந்தவை என்று நகரம்கூடச் சொல்லவில்லை. வரி வருமானமும் வேலையும் பெருகும் என்ற ஒரே காரணம்தான். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரம் ஜெயித்தது. எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், இனி ஒரு மோட்டல் 6-ஐ எடுத்து ரிட்ஸ்-கார்ல்டன் கட்டுவதை எது தடுக்கும் என்று கேட்டார். மோட்டல் 6 என்பது சாலையோரம் மலிவாகத் தங்குகிற விடுதி. ரிட்ஸ்-கார்ல்டன் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

2009-இல் ஃபைசர் அந்த ஊரைவிட்டே கிளம்புவதாக அறிவித்தது. எடுத்த நிலம் பல வருடம் புல் முளைத்துக் கிடந்தது, தெருப் பூனைகள்தான் குடியிருந்தன. தீர்ப்பில் கோபப்பட்ட ஒருவர், பெரும்பான்மை பக்கம் கையெழுத்திட்ட நீதிபதி டேவிட் சூட்டரின் பண்ணை வீட்டை இதே சட்டப்படி எடுத்து ஹோட்டல் கட்ட வேண்டும் என்று அவருடைய சொந்த ஊரான வேர் நகரத்திடம் மனு கொடுத்தார். ஊர் மக்கள் 2006-இல் அதை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள்.

ஒரு நகராட்சி எதற்காகக் கடைக்காரரோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறது? பணம்தான். அமெரிக்காவில் ஊர் நிர்வாகங்கள் பெருமளவு சொத்து வரியையும், பல மாநிலங்களில் விற்பனை வரியையும் நம்பி ஓடுகின்றன. பள்ளிக்கூடம், போலீஸ், தீயணைப்பு எல்லாம் அதிலிருந்துதான். பிரேக் கடையும் சலூனும் தையல்கடையும் தரும் வரி கொஞ்சம். அதே இடத்தில் பெரிய ஷாப்பிங் மால் வந்தால் பல மடங்கு. இன்னொரு உண்மையான சிக்கலும் உண்டு. இருபது பேரிடம் இருக்கிற நிலத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் பெரிதாக எதுவும் கட்ட முடியும். பத்தொன்பது பேர் விற்ற பிறகு இருபதாவது ஆள் பத்து மடங்கு விலை கேட்டால் திட்டமே நின்றுபோகும். திட்டமிடுபவர்கள் சொல்கிற இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அந்த இருபதாவது ஆள் விலைக்காகத்தான் நிற்கிறாரா, அல்லது அவருக்கு உண்மையிலேயே கடையை விட விருப்பமில்லையா என்று பிரித்துப் பார்க்கிற தராசு யாரிடமும் இல்லை.

இனி பிளைட் என்ற சொல்லுக்கு வருவோம். பயிரில் விழுகிற நோய்க்கான சொல் அது. நகரச் சட்டத்தில் சீரழிவு என்று பொருள். பல மாநிலங்களில் ஒரு பகுதி பிளைட் என்று முத்திரை விழுந்தால்தான் மறுசீரமைப்புக்காக நிலம் எடுக்க முடியும். கேட்டால் நல்ல பாதுகாப்பு மாதிரி இருக்கும். ஆனால் எது சீரழிவு என்பதற்கான வரையறையைப் படித்தால் சிரிப்பு வரும், நம் கடை அதில் மாட்டாதவரை.

ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லேண்டை ஒட்டிய லேக்வுட் ஊரில், மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, இணைந்த இரட்டை கார் ஷெட், சென்ட்ரல் ஏசி இதெல்லாம் இல்லாத வீடு சீரழிவுக் கணக்கில் வந்தது. அந்த அளவுகோலைப் பிடித்தால் மேயர் வீடும் கவுன்சிலர்கள் வீடும் சீரழிவுதான் என்று செய்தி வெளிவந்ததும் ஊரே கொதித்தது. 2003-இல் மக்கள் ஓட்டுப் போட்டுத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். அதே மாநிலத்தில் நார்வுட் என்ற ஊர். அங்கே சீரழிந்துகொண்டிருக்கும் பகுதி என்று காட்ட எடுத்துக்கொண்ட அடையாளங்களில் ஒன்று, பலர் கையில் சொத்து பிரிந்து கிடப்பது. யோசித்துப் பாருங்கள், எந்தக் கடைத்தெருவில் கடைக்கு ஒரு முதலாளி இல்லை? போதாததற்கு, ஆய்வுக்கான செலவை நகரத்துக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது, அந்த நிலத்தில் கட்டப்போகிற நிறுவனம்தான். ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒருமனதாக நகரத்தின் முயற்சியை ரத்து செய்தது. பொருளாதார நன்மை மட்டுமே பொதுப் பயன்பாடு ஆகாது என்றும், "சீரழிந்துகொண்டிருக்கும்" என்ற அளவுகோல் யார் தலையில் வேண்டுமானாலும் விழக்கூடிய அளவுக்குத் தெளிவில்லாதது என்றும் சொன்னது.

நியூயார்க்கில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. வடக்கு மன்ஹாட்டனில் மன்ஹாட்டன்வில் என்ற பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகம் 17 ஏக்கரில் புது வளாகம் கட்டத் திட்டமிட்டது. பெரும்பாலான இடங்களை விலை கொடுத்தே வாங்கிவிட்டது. விற்க மறுத்து நின்றவர்கள் சாமான் வைக்க அறைகளை வாடகைக்கு விடுகிற ஒரு ஸ்டோரேஜ் கம்பெனியும், பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு குடும்பமும். அந்தக் குடும்பத்தின் கவுர் என்ற பெயர்தான் வழக்கின் தலைப்பில் நிற்கிறது. அவர்களின் வாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: பகுதி சீரழிந்து தெரிகிறது என்றால், அங்கே பெரும்பாலான கட்டடங்களை வாங்கிப் போட்டது யார்? மேலும், பல்கலைக்கழகத்துக்கு வேலை செய்த அதே ஆலோசனை நிறுவனம் மாநில அமைப்புக்கும் பிளைட் ஆய்வு செய்து கொடுத்தது. 2009 டிசம்பரில் கீழ் மேல்முறையீட்டு அமர்வு மூன்றுக்கு இரண்டு என்று கடைக்காரர்கள் பக்கம் சாய்ந்தது. ஆறே மாதத்தில் மாநிலத்தின் உச்ச அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. சீரழிவா இல்லையா என்பது அரசு அமைப்பின் முடிவு, அதில் அடிப்படை ஏதாவது இருந்தால் போதும், நாங்கள் தலையிட மாட்டோம் என்றது. 2010 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது.

நடைமுறை எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம், மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் வண்டித்தடம் ஒன்றுதான். முதலில் ஆய்வு, பிறகு திட்டம், பிறகு பொது விசாரணைக் கூட்டம். இந்தக் கட்டத்தில் கடைக்காரருக்கு எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும். கடைசியில் மதிப்பீட்டாளர் வந்து அளந்து விலை சொல்வார், ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு. அந்த வழக்குக்கு அங்கே கண்டெம்னேஷன் என்று பெயர். பல இடங்களில் அரசு ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு உடனே இடத்தை எடுத்துக்கொள்ளலாம். விலை சரியா என்ற சண்டை பிறகு சாவகாசமாக நடக்கும்.

ஆக, கூட்டம் நடக்கும் நாளில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். நியூயார்க் மாநிலத்தில் பொது நோக்கம் பற்றிய முடிவு வெளியான பிறகு எதிர்க்க 30 நாள்தான் கெடு. போர்ட் செஸ்டர் என்ற ஊரில் கட்டட உரிமையாளர் ஒருவர் இந்தக் கெடுவைத் தவறவிட்டார். செய்தித்தாளின் சட்ட அறிவிப்புப் பத்தியில் பொடி எழுத்தில் வந்ததாம். அந்தப் பத்தியை எந்த வியாபாரி காலையில் காபியோடு படிப்பார்? அப்படி ஒரு அறிவிப்பு போதாது என்று 2005-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அதே ஊரில் இன்னொரு வழக்கு. தங்கள் நிலத்தில் மருந்துக்கடை கட்ட இருந்த இரண்டு பேரிடம், அந்த மறுசீரமைப்புப் பகுதியின் டெவலப்பர் 8 லட்சம் டாலர் கொடுங்கள், இல்லையென்றால் பாதிப் பங்கு கொடுங்கள், இல்லாவிட்டால் ஊர் உங்கள் நிலத்தை எடுத்துவிடும் என்று சொன்னதாக அவர்கள் புகார். மறுத்தார்கள், மறுநாளே எடுக்கும் நடவடிக்கை தொடங்கியதாகவும் மனுவில் இருந்தது. புகார் உண்மையா என்று விசாரிக்கும் கட்டத்துக்கே வழக்கு போகவில்லை. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். கெடுவைத் தாண்டி வந்தது ஒரு காரணம், கீலோ தீர்ப்பு இன்னொன்று.

இப்போது மேசாவுக்குத் திரும்புவோம். பிரேக் கடை ஜெயித்தது. அரிசோனா அரசியல் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: எடுப்பது பொதுப் பயன்பாட்டுக்கா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும், சட்டமன்றம் அதைப் பொதுப் பயன்பாடு என்று சொன்னதா என்பது பொருட்டல்ல. நியூயார்க்கில் நீதிபதிகள் கையைக் கட்டிக்கொண்ட இடத்தில் அரிசோனா நீதிபதிகள் உள்ளே புகுந்து பார்க்க முடிந்ததற்கு இந்த ஒரு வரிதான் காரணம். கீழ் நீதிமன்றம் நகரத்துக்குச் சாதகமாகச் சொன்னதை 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. இலாபம் தனியாருக்கு, ஊருக்குக் கிடைப்பது அதன் ஓரத்தில் சிந்துவது என்றால் அது செல்லாது என்பது தீர்ப்பின் போக்கு. ஆகவே கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே பாதி வழக்கு.

சரி, தோற்றுவிட்டோம், பணம்தானே கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். இங்கேதான் அந்த இரண்டாவது கேள்வி. நியாயமான இழப்பீடு என்றால் சந்தை விலை. விற்க மனமுள்ளவரும் வாங்க மனமுள்ளவரும் பேசி முடிக்கிற விலை. நம் கடைக்காரருக்கு விற்க மனமே இல்லை, அது கணக்கில் வராது. சரி, அதை விடுங்கள். எதன் சந்தை விலை? நிலம், கட்டடம். முப்பது வருடமாக வந்துகொண்டிருக்கிற வாடிக்கையாளர்கள், கடன் சொல்லி வாங்கிப் போகிற தெருக்காரர்கள், முனையில் திரும்பினால் தானாகக் கால் உள்ளே போகிற பழக்கம், இதைத்தான் வியாபாரிகள் குட்வில் என்கிறார்கள். கடையைக் கைமாற்றும்போது அதற்குத் தனியாக விலை பேசுவார்கள். அரசு எடுக்கும்போது, மத்திய அரசியல் சட்டப்படி, அதற்குப் பொதுவாக ஒன்றுமில்லை.

இந்த விதி உறுதியானது 1925-இல். மேரிலாந்தில் ராணுவம் ஆயுதச் சோதனைத் தளத்துக்காக நிலம் எடுத்தது. அதில் ஒரு குடும்பம் தனி ரகச் சோளம் விளைவித்து டின்னில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தது. அந்த ரகத்துக்குப் பொருத்தமான மண் அது. வேறு இடத்தில் தொழிலை மறுபடி நிறுத்த முடியவில்லை. நிலத்துக்குக் காசு கிடைத்தது. தொழில் போனதற்குக் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம்: அரசு எடுத்தது நிலத்தை, தொழிலை அல்ல, தொழில் அழிந்தது எடுத்ததன் விளைவு மட்டும்தான்.

1949-இல் வந்த ஒரு சலவைக் கம்பெனி வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். போர்க்காலத்தில் ஒமாஹா நகரத்தில் கிம்பல் லாண்டரி என்ற பெரிய சலவை நிலையத்தை ராணுவம் சில வருடத்துக்கு எடுத்துக்கொண்டது. வீடு வீடாகத் துணி எடுத்து வெளுத்துக் கொடுத்த கம்பெனி, வேறு இடம் இல்லாததால் வாடிக்கையாளர்களையெல்லாம் கைவிட்டது. இங்கே உச்ச நீதிமன்றம், கலைந்துபோன வாடிக்கைக்கும் மதிப்பு உண்டு, அதையும் கணக்கில் எடு என்றது. ஏனென்றால் தற்காலிகமாக எடுத்ததால் கம்பெனி வேறு இடத்துக்குப் போய் நிலைக்கவும் வழியில்லை. நிரந்தரமாக எடுத்தால் நீ வேறெங்காவது போய்த் திறந்துகொள்வாய் என்று சட்டம் நினைத்துக்கொள்கிறது. எங்கே, எந்த வாடகைக்கு, எந்த வாடிக்கையோடு என்று அது கேட்பதில்லை.

சில மாநிலங்கள் இதைச் சரிசெய்ய முயன்றிருக்கின்றன. கலிபோர்னியாவில் குட்வில் நஷ்டத்துக்குச் சட்டப்படி கேட்கலாம். இடம் மாறினாலும் தவிர்க்க முடியாத நஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். நியூயார்க்கில் கடையோடு சேர்த்துப் பொருத்திய சாமான்களுக்குத் தனியாகக் கேட்கலாம். ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அடுப்பு, அதற்குப் போட்ட எரிவாயுக் குழாய், புகைபோக்கி, தரையோடு பதித்த மேடை, குளிர் அறை, இழுத்த மின்கம்பிகள், எல்லாம் ஒவ்வொன்றாக எழுதி விலை போடுவார்கள். இந்தப் பட்டியலுக்கென்றே தனி மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் வராத ஒரே விஷயம் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கிற கூட்டம்.

மத்திய அரசுப் பணம் புழங்கும் திட்டமாக இருந்தால் 1970-இல் வந்த இடமாற்ற உதவிச் சட்டம் கைகொடுக்கும். சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு கிடைக்கும். புது இடத்தைக் கடையாக மாற்றும் செலவுக்கு ரொம்ப காலம் 10,000 டாலர் உச்சவரம்பு. 2012-இல் வந்த சட்டம்தான் அதை 25,000 ஆக்கியது. ஓட்டல் சமையலறை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எதுவரை வரும் என்று.

இவ்வளவும் எடுக்கும் நாளுக்குப் பிறகு நடப்பவை. அதற்கு முன்பே ஒரு நீண்ட இழுவை இருக்கிறது. திட்டம் அறிவித்த அன்றே தெரு மாறத் தொடங்கும். வங்கி கடன் தராது. கட்டட உரிமையாளர் ஒழுகுகிற கூரையைச் சரிசெய்ய மாட்டார், இடிக்கப்போவதற்கு எதற்குச் செலவு என்று. பக்கத்துக் கடைகள் காலியாகும், காலியான தெருவுக்கு ஜனங்கள் வருவதில்லை. நான்கைந்து வருடம் கழித்து வருகிற ஆய்வாளர் பார்ப்பது உண்மையிலேயே சீரழிந்த தெருவைத்தான். சில சமயம் திட்டமே கைவிடப்படும். அப்போது கடைக்கு ஒரு காசும் இல்லை, ஏனென்றால் எதையும் எடுக்கவில்லையே.

கீலோ தீர்ப்புக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் தனியாருக்குக் கொடுக்க நிலம் எடுப்பதைப் பெருமளவு அடைத்தன. பல மாநிலங்கள் பிளைட் என்ற பின்வாசலைத் திறந்தே வைத்தன. மிச்சிகன், ஒருவர் குடியிருக்கும் வீட்டை எடுத்தால் சந்தை விலையில் 125 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று 2006-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதியது. நல்ல விஷயம். ஆனால் அது வீட்டுக்கு. கடைக்கு அந்தக் கூடுதல் 25 இல்லை. அந்த வருடமே மிசூரி, ஒரே குடும்பத்திடம் 50 வருடத்துக்கு மேல் இருந்த சொத்துக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்தது. பரம்பரைக் கடைகளுக்கு உதவும். நேற்று வந்து கடை போட்ட குடியேறிகளுக்கு உதவாது.

கலிபோர்னியாவில் மறுசீரமைப்பு முகமைகள் சுமார் 400 இருந்தன. திட்டப் பகுதியில் சொத்து வரி எவ்வளவு உயருகிறதோ அந்த உயர்வு முகமைக்கே போகும் என்பது அங்கே ஏற்பாடு. பகுதியை விரிக்க விரிக்க வருமானம். 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி அத்தனை முகமைகளும் மூடப்பட்டன. கடைக்காரர்கள் பல வருடம் கத்தியும் நடக்காதது, மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் நடந்தது. கவர்னர் ஜெர்ரி பிரவுனுக்கு அந்த வரிப் பணம் பள்ளிக்கூடங்களுக்குத் தேவைப்பட்டது.

ஒரு விஷயம் பாக்கி. இதுவரை கடைக்காரர் என்று சொன்னபோதெல்லாம் இடமும் அவருடையதே என்று வைத்துக்கொண்டோம். ஆனால் கடைத்தெருவில் எத்தனையோ பேர் வாடகைக்கு இருப்பவர்கள். இழப்பீட்டை முதலில் மொத்த இடத்துக்கும் ஒரே தொகையாகக் கணக்கிடுவார்கள். அதைக் கட்டட உரிமையாளரும் வாடகைக்காரரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாடகைக்காரரின் பங்கு என்ன? சந்தை வாடகையைவிடக் குறைவான வாடகைக்கு இன்னும் சில வருடம் ஒப்பந்தம் பாக்கி இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு. மாதா மாதம் வாடகை கொடுத்து இருப்பவருக்கு அதுவும் கிடையாது. ஒப்பந்தம் வைத்திருப்பவரும் கையெழுத்துப் போடும்போது கடைசிப் பக்கங்களைப் புரட்டியிருக்க மாட்டார். அங்கே அச்சடித்த படிவங்களில் வழக்கமாகவே ஒரு ஷரத்து இருக்கும்: அரசு இடத்தை எடுத்தால் அன்றே இந்த ஒப்பந்தம் முடிந்தது, இழப்பீடு முழுவதும் கட்டட உரிமையாளருக்கு. கட்டட உரிமையாளர்களின் வக்கீல்கள் அதைச் சேர்க்க மறப்பதில்லை. அதை அடித்துவிட்டு, பொருத்திய சாமான்களுக்கும் இடமாற்றத்துக்கும் உரிய பணம் வாடகைக்காரருக்கே என்று ஒரு வரி எழுதிக்கொள்ள, கடை திறக்கும் முதல் நாளுக்கு முன்பு பெரும்பாலும் பத்து நிமிடப் பேச்சு போதும். நகராட்சி கடிதம் வந்த பிறகு அதே வரியைக் கேட்டால் எந்த உரிமையாளரும் தரமாட்டார்.